சுற்றுமா, சுற்றாதா?

ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் வளையம், வட்டமான சிறு காந்தம் ஒன்று, ஏறக்குறைய ஒரு மீட்டர் இனாமல் பூசிய செப்புக் கம்பி. இவ்வளவு இருந்தால் மின்மோட்டார் செய்துவிடலாம். கம்பியைச் செல்லின் மேலேயே பத்துச் சுற்றுச் சுற்றிக் கழற்றினால் ஒரு சுருள் கிடைக்கும். அதன் இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாக நீட்டிவிடுங்கள்; அவைதாம் அச்சு. செல்லின் இரு முனைகளிலும் ஊக்குகளை நிறுத்தி ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். ஊக்கின் துளைகளில் சுருளின் முனைகளைச் செருகுங்கள். செல்லின் உறை இரும்பு என்பதால் காந்தத்தை மேலே வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வேலை பாக்கி. இனாமல் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது; முனைகளில் அதைச் சுரண்டியாக வேண்டும். எப்படிச் சுரண்டுவது? இரு முனைகளிலும் சுற்றிவர முழுக்கச் சுரண்டிவிடலாம். அல்லது ஒரு முனையில் முழுக்கச் சுரண்டி, மறு முனையில் ஒரு பாதியை மட்டும் சுரண்டி, மறுபாதியில் பூச்சை அப்படியே விட்டுவிடலாம். எதில் சுருள் நிற்காமல் சுற்றும்? மேலே படிக்கும் முன் ஒரு பதிலைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏன் என்ற காரணத்தையும் மனதுக்குள் சொல்லிவிடுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தச் சில நொடிகளைப் பற்றியதுதான்.

புனே பல்கலைக்கழக வளாகத்தில், 1988இல் தொடங்கப்பட்ட வானியல் ஆய்வு நிலையமான ஐயூக்காவுக்குள், முக்தாங்கண் என்ற குழந்தைகள் அறிவியல் மையம் இருக்கிறது. மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயின் பெயரிலான அறக்கட்டளை தந்த நன்கொடையில் எழுந்தது. இந்த ஊக்கு மோட்டார் அங்கே பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்த்துக் கையோடு கொண்டுபோகும் பொம்மைகளில் ஒன்று. விரிந்து பரவும் பிரபஞ்சத்தை ஆராயும் நிலையத்தில் ஊக்குக்கும் உறிஞ்சுகுழாய்க்கும் இடம் கிடைத்தது எப்படி என்பது தனிக் கதை.

தீக்குச்சியும் வால்வு டியூபும்

அரவிந்த் குப்தா 1975இல் கான்பூர் ஐஐடியில் மின்பொறியியல் முடித்தவர். புனேயில் டெல்கோ நிறுவனத்தில் லாரி தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே 1972இல், 16 கிராம நடுநிலைப் பள்ளிகளில், ஒரு புதிய அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியிருந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அனில் சத்கோபால். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு தொண்டு அமைப்புகள் அரசுப் பள்ளிகளுக்குள் நுழைந்து நடத்திய முயற்சி அது. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது.

ஹோஷங்காபாத் பிள்ளைகளின் பாடநூல் விசித்திரமானது. அதில் சோதனைகள் இருந்தன, கேள்விகள் இருந்தன, விடைகள் இல்லை. விடையைச் சோதனைதான் சொல்ல வேண்டும். நாலைந்து பிள்ளைகள் கொண்ட குழு செய்து பார்த்து, கண்டதை எழுதி, மற்றக் குழுக்களோடு வாதிட்டு முடிவுக்கு வர வேண்டும்.

இதற்குப் பொருள்கள் வேண்டும். கிராமத்துப் பள்ளியில் ஆய்வுக்கூடம் ஏது? வாரச் சந்தையில் கிடைப்பதுதான் ஆய்வுக்கூடம். அந்தச் சந்தையில் குப்தாவின் கண்ணில் பட்டது சைக்கிள் வால்வு டியூப். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இரு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் மடங்கும் மூட்டு கிடைக்கிறது. மூன்று குச்சி சேர்த்தால் முக்கோணம், நான்கு சேர்த்தால் சதுரம். இரண்டையும் அழுத்தினால் எது சாயும்? சதுரம் சாய்சதுரமாகச் சரிகிறது. முக்கோணம் அசையாமல் நிற்கிறது. ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்களும் கிராமத்துக் கூரையின் மரச் சட்டமும் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்பதற்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த விடை அதுதான். இந்தத் தீக்குச்சி மாதிரிகள் 1987இல் நூலாக வந்தன. 2003 முதல் பத்தாண்டுக்கும் மேலாகக் குப்தாவும் அவருடைய சிறு குழுவும் முக்தாங்கணில் குப்பையிலிருந்து பொம்மை செய்து, ஒவ்வொன்றையும் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து, தமிழ் உட்படப் பல மொழிகளில் இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். 2018இல் குப்தாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கதை இனிமையானது. ஆனால் அறிவியல் நூல் இனிமையோடு நின்றுவிடக் கூடாது. கையால் செய்தால் மனதில் பதியும் என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மையாகவே பதிகிறதா?

வேடிக்கையா, பாடமா?

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூரும் சகாக்களும் இதை அளந்து பார்த்தார்கள். இயற்பியல் வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டும் சோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்குச் சோதனையே காட்டவில்லை. இரண்டாம் குழு சோதனையைப் பார்த்து விளக்கத்தைக் கேட்டது. மூன்றாம் குழு, என்ன நடக்கும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டுப் பார்த்தது. நான்காம் குழு எழுதியதோடு, பார்த்த பிறகு அக்கம்பக்கத்தாரோடு விவாதிக்கவும் செய்தது. பருவத்தின் முடிவில் அதே நிகழ்வைப் பற்றிக் கேட்டபோது சரியான காரணம் சொன்னவர்கள் முறையே நூற்றுக்கு 22, 24, 30, 32 பேர். 2004இல் வெளியான முடிவு இது.

முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். சோதனையைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் காரணம் சொல்வதில் ஏறத்தாழ வேறுபாடே இல்லை. வகுப்பு கலகலப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஊகத்தை எழுதவைத்த பிறகுதான் எண் நகர்கிறது. அதற்கு ஆன கூடுதல் நேரம் இரண்டே நிமிடம்.

ஏன் அப்படி? மோட்டாருக்கு வருவோம். பூச்சை முழுக்கச் சுரண்டினால் நல்ல இணைப்புக் கிடைக்கும், மின்சாரம் தடையின்றிப் பாயும், சுருள் வேகமாகச் சுற்றும் என்று நினைப்பது இயல்பு. செய்து பார்த்தால் சுருள் ஒரு துள்ளு துள்ளி, முன்னும் பின்னும் ஆடி, நின்றுவிடும். மின்சாரம் பாயும் சுருள் தானும் ஒரு காந்தம். கீழே இருக்கும் காந்தத்தோடு ஒத்த திசைக்கு அது திரும்புகிறது. அந்த இடத்தைத் தாண்டினால் இழுவிசை எதிர்ப்பக்கம் மாறி, பிடித்துப் பின்னால் இழுக்கிறது. ஆகவே அங்கேயே சிறைப்படுகிறது. ஒரு முனையில் பாதிப் பூச்சை விட்டுவைத்தால், இழுவிசை எதிராகத் திரும்பும் அரைச்சுற்றில் மின்சாரம் அறுபட்டுப்போகும். பிடிப்பார் இல்லாததால் சுருள் தன் வேகத்திலேயே தாண்டிவிடும். மறுபடி செம்பு ஊக்கைத் தொடும். மறுபடி ஒரு உந்தல். பெரிய மோட்டார்களில் கம்யூட்டேட்டர் செய்யும் வேலையைப் பாதி சுரண்டிய ஒரு கம்பி செய்துவிடுகிறது. அங்கே மின்சாரத்தின் திசையையே மாற்றுகிறார்கள், இங்கே அறுத்துவிடுகிறோம்.

முழுக்கச் சுரண்ட வேண்டும் என்று ஊகித்தவர் இந்த விளக்கத்தைப் படித்தபோது எங்கோ ஓரிடத்தில் நின்றிருப்பார். எதையும் ஊகிக்காதவர் நிற்காமல் கடந்திருப்பார். அவருக்கு முரண்படுவதற்கு ஒன்றும் இல்லை. மூளை எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்கும் உறுப்பு. எதிர்பார்த்தபடியே வரும் பரிசுக்கு டோபமின் நரம்பணுக்கள் பெரிதாக எதிர்வினை காட்டுவதில்லை, எதிர்பாராதது வந்தால்தான் துடிக்கின்றன என்று வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகள் 1990களில் காட்டின. கற்பதில் இன்னொரு வினோதமும் உண்டு. அரைமனதோடு சொன்ன தவறைவிட, அடித்துச் சொன்ன தவறுதான் திருத்தப்பட்ட பிறகு நன்றாக நினைவில் நிற்கிறது. பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் கண்டது. அடித்துச் சொன்னது பொய்த்தால் கவனம் முழுவதும் அங்கே திரும்பிவிடுகிறது.

ஆக, பொம்மையின் பலம் அது மலிவானது என்பதிலும் இல்லை, கையில் இருக்கிறது என்பதிலும் இல்லை. ஊகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநிமிடமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மோட்டாருக்கு யாருடைய முகத்தையும் பார்த்துச் சுற்றத் தெரியாது.

விரிவுரை அரங்கில்

ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் எல்லாருக்கும் ஊக்கும் காந்தமும் கொடுக்க முடியாது. அங்கே என்ன செய்வது?

ஐயூக்காவின் நிறுவன இயக்குநர் ஜெயந்த் நார்லிகர் ஒரு வழி வைத்திருந்தார். கையொப்பம் கேட்டு வரும் மாணவர்களிடம், அஞ்சலட்டையில் ஒரு அறிவியல் கேள்வி எழுதி அனுப்பு, பதிலோடு கையொப்பமும் வரும் என்பார். கையொப்பத்துக்கு விலை ஒரு கேள்வி. கேள்வி எழுத வேண்டுமென்றால் தனக்கு எது புரியவில்லை என்று பிள்ளை முதலில் தேடிப் பார்த்தாக வேண்டும்.

கல்லூரி அரங்குகளுக்கு மசூர் கண்ட வழி இன்னும் எளியது. அரை மணி பேசிக்கொண்டே போகாமல், ஒரு கேள்வி, நான்கு விடைகள். ஒவ்வொருவரும் தனியாகத் தேர்ந்துகொள்கிறார்கள். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து இருக்கைக்காரரை நம்பவைக்க முயல்கிறார்கள். பிறகு மறுபடி தேர்வு. 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் தொடங்கிய இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 இயற்பியல் வகுப்புகளின் 6,542 மாணவர்களை ஒப்பிட்டார். பாடத்துக்கு முன் தெரியாமலிருந்ததில் எவ்வளவு பங்கைக் கற்றார்கள் என்பது கணக்கு. வெறும் விரிவுரை கேட்டவர்கள் சராசரியாக 23 சதவீதம். இடையிடையே யோசித்து, பேசி, விடை சொல்லவைக்கப்பட்டவர்கள் 48 சதவீதம். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வும் இதையே சொன்னது. விரிவுரை வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் தோற்றார்கள்; மற்றதில் 22 பேர்.

தமிழ் வாசகருக்கு இது முழுப் புதுமையாகத் தோன்றாது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் கல்விக்கு ஒரு பங்கீடு சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் கற்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்குத் தான் எடுத்துச் சொல்வதில் மீதி அரை. பவணந்தி எண்ணிப் பார்த்துச் சொன்ன பின்னங்கள் அல்ல இவை. ஆனாலும் ஆசிரியரின் பங்குக்கு ஓர் ஆசிரியரே கால் பங்குக்கு மேல் தராதது கவனிக்கத் தக்கது.

அப்படியானால் ஏன் இன்னும் விரிவுரை கோலோச்சுகிறது? 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியேயும் சகாக்களும் ஒரே பாடத்தை இரு விதமாக நடத்தினார்கள். தேர்ந்த ஆசிரியர் தெளிவாகப் பேசிய வகுப்பு ஒன்று. மாணவர்கள் தாமே முட்டிமோதிக் கணக்குப் போட்ட வகுப்பு இன்னொன்று. சோதனையில் இரண்டாம் வகுப்பினரே அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது முதல் வகுப்பினரே அதிகம் என்றார்கள். தெளிவாகப் பேசும் ஆசிரியரின் சரளத்தைத் தம்முடைய புரிதல் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிரசங்கம் கேட்டு நெகிழ்ந்து வீடு திரும்பி, என்ன சொன்னார் என்று கேட்டால் விழிப்பதைப் போன்றது இது.

விட்டுவிட்டால் கற்குமா?

பிள்ளையைச் சும்மா விட்டுவிட்டால் தானே கண்டுபிடித்துக் கற்கும் என்பது இதன் மறுகோடி. அதுவும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் கிளாரும் மிலேனா நிகாமும் 2004இல் 112 பிள்ளைகளுக்கு ஒரு சாய்தளத்தையும் பந்துகளையும் கொடுத்தார்கள். பந்து உருண்டோடும் தூரத்தை எது தீர்மானிக்கிறது? சரிவா, பரப்பின் சொரசொரப்பா, பந்தா? ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்தால்தான் தெரியும் என்ற அடிப்படையைப் பிள்ளைகள் பிடிக்கிறார்களா என்பதே சோதனை. தாமே செய்து பார்க்க விடப்பட்டவர்களில் 23 சதவீதமே பிடித்தார்கள். ஆசிரியர் விளக்கிய குழுவில் 77 சதவீதம்.

ஊகத்துக்கு எதிரான சான்றா இது? அந்த ஆசிரியர் எப்படி விளக்கினார் என்று பாருங்கள். ஒரு சோதனையை அமைத்துக் காட்டினார். இதைக் கொண்டு நிச்சயமாகச் சொல்லமுடியுமா என்று பிள்ளையிடம் கேட்டார். பதில் வந்த பிறகே காரணத்தைச் சொன்னார். விளக்கம் வந்தது, ஆனால் ஊகத்துக்குப் பின்னால் வந்தது.

இந்த வரிசையையே மனு கபூர் தம் ஆய்வின் மையமாக்கினார். 2008இல் வெளியான ஆய்வில், இந்தியாவின் ஏழு பள்ளிகளைச் சேர்ந்த 309 பதினோராம் வகுப்பு மாணவர்களை மூவர் மூவராகப் பிரித்து இயக்கவியல் கணக்குகள் கொடுத்தார். சில குழுக்களுக்கு நேர்த்தியான கணக்கு. சிலவற்றுக்குப் பிடி கிடைக்காத சிக்கலான கணக்கு. சிக்கலானதைப் பெற்றவர்கள் தடுமாறினார்கள், சண்டையிட்டார்கள், சரியான விடைக்கு வரவில்லை. ஆனால் பிறகு தனித்தனியே தேர்வு வைத்தபோது, எளிய கணக்கிலும் சிக்கலான கணக்கிலும் அவர்களே முந்தினார்கள். பிற்காலத்தில் 53 ஆய்வுகளை, 12,000க்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொகுத்துப் பார்த்தபோதும், முதலில் முயன்று பிறகு பாடம் கேட்டவர்களுக்கே புரிதல் கூடியிருந்தது. முயன்றால் போதாது, பின்னாலேயே பாடம் வந்தாக வேண்டும்.

சந்தையும் கரும்பலகையும்

ஊகிக்க வேண்டுமென்றால் கையில் ஏதாவது முதல் இருக்க வேண்டும். சில பிள்ளைகளிடம் முதல் இல்லை என்று பள்ளி நினைக்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளை 1985இல் மூன்று உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வாடிக்கையாளர் போலப் போய்க் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். பத்துத் தேங்காய் என்ன விலை என்று கேட்டால், மூன்று இவ்வளவு, ஆறு இவ்வளவு, ஒன்பது இவ்வளவு, இன்னும் ஒன்று என்று கூட்டிக்கொண்டு போனான் ஒரு சிறுவன். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்பது அவன் வழியில் வரவே இல்லை.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் 2025இல் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பார்த்தது. அவர்கள் மனக்கணக்கில் புலிகள். பள்ளி வடிவத்தில் அதே கணக்கு வந்தால் திணறினார்கள். அருகிலிருந்த பள்ளிகளின் 471 பிள்ளைகளோ நேர்மாறு: கரும்பலகைக் கணக்கு வரும், கடைக்கணக்கு வராது. ஒரு தெரு தள்ளி இரண்டு கணிதங்கள். நடுவே பாலம் இல்லை.

புனேயில் அந்தப் பாலத்தின் தேவையைக் கட்டடத் தளங்களில் பார்க்கலாம். அடுக்ககங்கள் எழும் இடங்களுக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் கூலிக் குடும்பங்கள் வருகின்றன. கட்டடம் முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் பெயர்கின்றன. 1988இல் மும்பையில் தொடங்கிப் புனேக்கும் வந்த டோர் ஸ்டெப் ஸ்கூல், வகுப்பைத் தளத்துக்கே கொண்டுபோகிறது. பேருந்தையே வகுப்பறையாக்கியும் ஓட்டுகிறது. பள்ளி பிள்ளையிடம் போவது முதல் பாதி. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டு வாங்குவது மறுபாதி. சிமெண்டும் மணலும் எந்த விகிதம் என்று தினமும் காதில் விழும் பிள்ளைக்கு விகிதம் என்ற பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்வி புனேக்குப் பழையது. 1848இல் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியை சாவித்ரிபாயோடு சேர்ந்து தொடங்கிய ஜோதிராவ் புலே, 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஒரு மனு எழுதினார். தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றதோடு, கிராமப் பள்ளியின் பாடம் நகரப் பள்ளியினுடையதைவிட நடைமுறை சார்ந்ததாக இருக்க வேண்டும், வேளாண்மை பற்றிய அடிப்படை அறிவும் அதில் சேர வேண்டும் என்றார். உழவர் வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை என்பது அதன் உட்பொருள்.

விடைத்தாள்

அறிவியல் மையம், அரங்கு, கட்டடத் தளம்: இடம் மாறினால் பொருளும் மொழியும் வேகமும் மாறும். மாறாதது வரிசை ஒன்றே. முதலில் பிள்ளையின் ஊகம், பிறகு உலகத்தின் பதில், அதற்குப் பிறகு ஆசிரியரின் விளக்கம். இதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம்; ஐம்பது பேர் உள்ள வகுப்பிலும் இரண்டு நிமிடம் போதும். ஆனாலும் இது அரிதாகவே நடக்கிறது. விடை தெரிந்தவர் அதைச் சொல்லாமல் இரண்டு நிமிடம் இருப்பது கடினம். தவறான விடையைக் கேட்டு முகம் சுளிக்காமல், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்பது அதைவிடக் கடினம்.

ஹோஷங்காபாத் திட்டத்தினருக்கு இது தெரிந்திருந்தது. ஆசிரியர்களை மாதந்தோறும் கூட்டி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசவைத்தார்கள். அதைவிட முக்கியமாக, தேர்வையே மாற்றினார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. விடையே இல்லாத புத்தகத்தைத் திறந்துவைத்து என்ன பயன் என்று கேட்கலாம். அந்தப் புத்தகத்தில் பிள்ளை தானே எழுதிய குறிப்புகள் இருந்தன. மதிப்பெண் கிடைத்தது அவற்றைக் கொண்டு யோசித்ததற்கு. முப்பது ஆண்டு ஓடிய பிறகு, 2002இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது.

பொம்மைகள் பிழைத்தன, அவை இன்று பல்லாயிரம் பள்ளிகளுக்கு எட்டும் தூரத்தில் கைப்பேசியில் கிடக்கின்றன. தேர்வுமுறை பிழைக்கவில்லை. மோட்டார் ஏன் சுற்றுகிறது என்ற விடையை மட்டும் கேட்டு ஐந்து மதிப்பெண் கொடுக்கும் தேர்வு இருக்கும்வரை, சுற்றுமா சுற்றாதா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் ஆசிரியர் பாடத்தில் பின்தங்கியவராகவே எண்ணப்படுவார். ஒரு பள்ளி எப்படிக் கற்பிக்கிறது என்று அறிய விரும்பினால் அதன் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வேண்டாம். வினாத்தாளை வாங்கி, பிள்ளை தன் ஊகத்தை எழுத அதில் ஓர் இடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.